ரிமாண்ட் வந்த வீட்டுக்குத் துணை நில்லுங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

தமிழ் நாளிதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘ரிமாண்ட்’ என்றால் ஒரே பொருள்தான்: கைது, மாஜிஸ்திரேட், 15 நாள் காவல், புழல் சிறை. அதனால்தான் அமெரிக்கப் படையில் பணியாற்றிய மகன் கேட்ட ஊன இழப்பீடு பற்றி வாஷிங்டனிலிருந்து வந்த கடிதத்தில் அவன் பெயருக்குக் கீழே ‘ரிமாண்டட்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் பதறிப்போகிறார்கள். மகனோ, மனு தோற்றுவிட்டது என்று கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறான். இன்னொரு வீட்டில் அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டு, பணம் வரும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டுமே தவறு. அந்தத் தவறால் பல வருட அரியர்ஸ் பறிபோகிறது. அதைத் தடுக்க உங்களால் முடியும் என்பதால்தான் இந்த மடல்.

நம் ஊர்க்காரர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்க வேண்டாம். 2009-ல் ஆள்சேர்ப்பு தொடங்கி 2016-ல் நிறுத்தப்பட்ட ‘மாவ்னி’ என்ற, மொழித்திறன் உள்ள வெளிநாட்டவரைப் படையில் சேர்க்கும் திட்டத்தில் அமெரிக்க ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள் அதன் வழியாகச் சேர்ந்து குடியுரிமையும் பெற்றார்கள். இங்கேயே பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுப் படையில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். முழங்கால், முதுகு, காது இரைச்சல், தூக்கமின்மை என்று ஏதோ ஒன்றோடு திரும்பியவர்கள் அவர்களில் உண்டு. முன்னாள் படைவீரர் நலத்துறையிடம், அதாவது வி.ஏ.விடம், ஊனமுற்றோர் இழப்பீடு கேட்டு மனுப் போடுவது அவர்கள் உழைத்துப் பெற்ற உரிமை. அதைக் கேட்கக் கூச்சப்படும் வீடுகளைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

மனு வெல்ல மூன்று விஷயங்கள் நிற்க வேண்டும். இப்போது ஒரு நோய் அல்லது குறைபாடு இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரு காயமோ நோயோ நிகழ்வோ நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் மருத்துவக் காரணம் வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் ‘நெக்ஸஸ்’ என்கிறார்கள். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சட்டம் கேட்கவில்லை. இரு பக்கச் சான்றும் ஏறக்குறைய சமமாக இருந்தாலே படைவீரர் பக்கம் தீர்ப்பு சாய வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட விதி. ஐம்பதுக்கு ஐம்பது போதும். இது தெரியாமல் ‘என்னிடம் உறுதியான ஆதாரம் இல்லையே’ என்று பாதியில் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

வி.ஏ.வின் வட்டார அலுவலகம் மறுத்தாலோ, குறைந்த ஊனச் சதவீதம் (ரேட்டிங்) கொடுத்தாலோ, முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடம் கையில் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வழிகள் உண்டு. புதிய, தொடர்புள்ள சான்று கையில் இருந்தால் துணை மனு, படிவம் 20-0995. சான்றெல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது, படித்தவர்தான் தவறாகப் படித்தார் என்றால் உயர்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. இதில் புதுக் காகிதம் எதையும் சேர்க்க முடியாது. ஆனால் ஆய்வாளரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டக் கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள். மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. அங்கே நீதிபதி பார்ப்பார். இருக்கிற கோப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு, 90 நாளுக்குள் சான்று சேர்த்துத் தீர்ப்பு, நேர் விசாரணை என்று மூன்று வரிசைகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரிமாண்ட் இந்த வாரியத்திலிருந்துதான் வருகிறது. ‘கீழே செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யாமல் அனுப்பியிருக்கிறீர்கள். செய்து முடித்துவிட்டு நீங்களே மறுபடி முடிவெடுங்கள்’ என்று நீதிபதி வட்டார அலுவலகத்துக்குக் கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் அது. மருத்துவ ஆவணங்களைத் தேடவும், தேவைப்படும்போது பரிசோதனை ஏற்பாடு செய்யவும் வி.ஏ.வுக்குச் சட்டப்படி கடமை உண்டு. முதல் முடிவு எழுதப்படும் முன் அந்தக் கடமையில் நேர்ந்த குறைக்காகத்தான் பெரும்பாலான ரிமாண்ட் வருகிறது. இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்த முடிவுக்குப் பிறகு நோய் முற்றியது என்பதற்காகப் புதிய சட்டத்தின் கீழ் ரிமாண்ட் கேட்க முடியாது. அதற்கு வேறு மனுப் போட வேண்டும்.

கடிதத்தை எப்படிப் படிப்பது? 10, 15 பக்கம் இருக்கும். முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ன முடிவு என்று இருக்கும். காது இரைச்சல் ஏற்கப்பட்டது, தலைவலி மறுக்கப்பட்டது, முதுகு ரிமாண்ட் என்று ஒரே கடிதத்தில் மூன்றும் வரலாம். இங்கேதான் பெரிய பள்ளம். முதுகு இன்னும் முடியவில்லையே, முடிந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவலியையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். மறுக்கப்பட்டது இறுதி முடிவு. அதற்கு எதிராகப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக, வாரியம் அந்த முடிவை அனுப்பிய நாளிலிருந்து 120 நாள்தான் உண்டு. புதுச் சான்றோடு துணை மனுப் போடுவதானால் ஒரு வருடம். ரிமாண்ட் ஆன பகுதியோ இறுதி முடிவே அல்ல. அதை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது. எனவே ஒரே கடிதத்துக்கு இரண்டு காலண்டர் வேண்டும். கடிதம் வந்த அன்றே, மறுக்கப்பட்டதற்கான 120 நாள், ஒரு வருடம் என்ற இரண்டு கெடுத் தேதிகளையும் குறித்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ‘பின்வரும் நடவடிக்கைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரியும் அதற்குக் கீழே எண் போட்ட கட்டளைகளும் இருக்கும். ரிமாண்டின் உயிரே அந்த அரைப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2014 முதல் 2016 வரை இன்ன மருத்துவமனையின் பதிவுகளை வாங்கு. எலும்பு நோய் வல்லுநரிடம் கருத்துக் கேள். அவர் இந்த மூன்று கேள்விகளுக்கும் காரணத்தோடு பதில் எழுத வேண்டும். படைவீரரும் மனைவியும் சொன்னதை அவர் கணக்கில் எடுக்க வேண்டும். இப்படி இருக்கும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் ‘எப்போது நடந்தது, யார் செய்தார்கள்’ என்று எழுத இடம் விடுங்கள். 1998-ல் ஸ்டெகால் வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ரிமாண்டில் சொன்னதை வி.ஏ. நிறைவேற்ற வேண்டும் என்பது படைவீரரின் உரிமை. சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டியதில்லை. சாரத்தில் நிறைவேறியிருக்க வேண்டும். மூன்று கேள்வி கேட்டு ஒன்றுக்குத்தான் பதில் வந்தது என்றால் அது நிறைவேறாத ரிமாண்ட். அதைச் சுட்டிக்காட்ட உங்கள் நகலே ஆயுதம்.

அடுத்த பள்ளம் இன்னும் ஆழமானது. 2019-க்கு முந்தைய பழைய முறையில், கீழே வேலை முடிந்தும் மறுப்புத் தொடர்ந்தால் கோப்பு தானாகவே வாரியத்துக்குத் திரும்பும். பழைய முறையில் இருந்த அண்ணன்மார்கள் ‘சும்மா இரு, அதுவே மேலே போகும்’ என்று புத்தி சொல்வது அதனால்தான். புதிய முறையில் அது தானாகத் திரும்பாது. வட்டார அலுவலகம் புது முடிவுக் கடிதம் அனுப்பும். அதன் தேதியிலிருந்து மறுபடி ஒரு வருடத்துக்குள் நாமே அந்த மூன்று வழிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தால் முதல் மனுவின் தேதியோடு உள்ள சங்கிலி அறாது. 2021 ஜனவரியில் முதல் மனுப் போட்டவருக்கு ஐந்து வருடம் கழித்து வழக்கு வென்றாலும், நோய் அப்போதே இருந்தது என்றால், 2021 பிப்ரவரி 1 முதல் அரியர்ஸ் வரும். ஒரு வருடம் தவறினால் சங்கிலி அறுந்துவிடும். பிறகு போடும் மனுவின் தேதியிலிருந்துதான் கணக்கு. நோய் அதேதான், சான்றும் அதேதான். ஒரு தேதி தவறியதால் வருடக் கணக்கில் பணம் போய்விடும்.

ரிமாண்டுக்குப் பிறகு பெரும்பாலும் வருவது மருத்துவப் பரிசோதனை. ‘சி அண்ட் பி எக்ஸாம்’ என்பார்கள். வி.ஏ. இதை ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்திருப்பதால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். ஸ்பாம் என்று வெட்டிவிட்டால் தேதி போய்விடும். முகவரி மாறியிருந்தால் வி.ஏ.விடம் உடனே மாற்றுங்கள். காரணமின்றிப் போகாமல் விட்டால், முதல் மனுவானால் கோப்பில் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பார்கள். சதவீத உயர்வு கேட்ட மனுவானால் மறுத்தே விடலாம். போக முடியாத உண்மையான காரணம் இருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்து வேறு தேதி கேளுங்கள்.

எக்ஸாம் அறையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முழங்கால் வழக்கு என்று வையுங்கள். மடக்கச் சொல்லி, கோணமானியை வைத்து அளப்பார்கள். மடக்குவது 45 பாகையோடு நின்றால் 10 சதவீதம், 30-ல் நின்றால் 20, 15-ல் நின்றால் 30. அன்று காலை பத்து மணிக்கு, ஓய்வெடுத்துவிட்டு வந்தவரின் முழங்காலை அளந்தால் 100 பாகைக்கு மேல்கூட மடங்கலாம். ஆனால் மாடிப்படி ஏறிய மறுநாள் என்ன ஆகிறது? வலி கூடும் நாட்களில் எத்தனை பாகை குறைகிறது, மாதம் எத்தனை நாள், அந்த நாளில் என்ன செய்ய முடிவதில்லை என்று மருத்துவர் கேட்டு, மதிப்பிட்டு எழுத வேண்டும். ‘நேரில் பார்க்காமல் சொல்ல இயலாது’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அந்த அறிக்கை நிற்காது. 2017-ன் ஷார்ப் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது. 2016-ன் கொரேயா தீர்ப்புக்குப் பிறகு, எடை தாங்கியும் தாங்காமலும், தானாக அசைத்தும் பிறர் அசைத்தும், மறு முழங்காலோடு ஒப்பிட்டும் அளக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனதற்காகவே ரிமாண்ட் ஆன வழக்குகள் ஏராளம்.

மருத்துவர் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டதும் நம் பிள்ளைகள் சொல்லும் பதில் ‘பரவாயில்லை’. ஆங்கிலத்தில் ‘ஃபைன்’. அது அப்படியே அறிக்கையில் ஏறுகிறது: ‘நோயாளி நலமாக இருப்பதாகத் தெரிவித்தார்’. வலியைச் சொல்வது புலம்பல், பொறுத்துக்கொள்வது பெருமை என்று நாம்தானே வளர்த்தோம்? மரியாதைக்காகச் சொன்ன அந்த ஒரு சொல் பிறகு மறுப்புக் கடிதத்தில் சான்றாக வந்து நிற்கும். மிகைப்படுத்த வேண்டாம். மோசமான நாளை மோசமான நாளாகவே சொல்லச் சொல்லுங்கள். போகும் முன் ஒரு மாதம் நாட்குறிப்பு எழுதட்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எதைப் பிடித்து எழுந்தான், வேலைக்கு விடுப்பா இல்லையா.

எக்ஸாம் முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். முழுக் கோப்பையும் கேட்கப் படிவம் 20-10206. தாமதமாகத்தான் வரும், எனவே சீக்கிரம் கேளுங்கள். அறிக்கையில் நாங்கள் முதலில் தேடும் குறைகள் சில. பணிக்கால மருத்துவப் பதிவில் எதுவும் இல்லை என்ற ஒரே காரணத்தை வைத்து மறுத்திருக்கிறாரா? படைவீரர் சொன்னதைப் பார்க்காமல் அப்படி எழுதுவது போதாது என்று 2007-ன் டால்டன் தீர்ப்பு சொல்கிறது. முழங்காலால் முதுகு கெட்டது என்பது போன்ற வழக்கில் ‘காரணம் அதுவல்ல’ என்று மட்டும் எழுதிவிட்டு, ‘அதனால் இது முற்றியதா’ என்ற கேள்வியை விட்டுவிட்டாரா? அவை இரண்டு தனிக் கேள்விகள், இரண்டுக்கும் தனித்தனி பதில் வேண்டும். முடிவைச் சொல்லிவிட்டுக் காரணம் சொல்லாமல் போனாரா? குறை இருந்தால் புது முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்தக் கட்டளை, எந்தப் பக்கம், என்ன விடுபட்டது என்று ஒரே பக்கத்தில் எழுதி உடனே அனுப்புங்கள். எரிகுழிப் புகை (படைத்தளங்களில் குப்பை எரித்த குழிகளின் புகை), ரசாயனம் போன்றவற்றுக்கு ஆளானவர்கள் என்றால் 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான பேக்ட் சட்டத்தின் கீழ்த் தனிப் பரிசோதனையும் கருத்தும் பெறும் உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில நோய்களுக்கு இணைப்பை நாம் நிரூபிக்கவே வேண்டியதில்லை, சட்டமே அனுமானித்துக்கொள்கிறது.

தமிழ் மருத்துவர்களே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்க மருத்துவமனைகளில் நம்மவர் இல்லாத ஊர் அரிது. ஒரு படைவீரர் கருத்துக் கடிதம் கேட்டால், தயவு செய்து ‘ராணுவப் பணியால் வந்திருக்கலாம்’ என்று நல்லெண்ணத்தில் ஒரு வரி எழுதித் தராதீர்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கு வி.ஏ.விடம் எடையே இல்லை. ‘அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்’, அதாவது ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு என்பதே அங்கே செல்லும் சொல். ஆனால் மந்திரச் சொல் மட்டும் போதாது. எந்த ஆவணங்களைப் படித்தீர்கள், பணிக்காலத்தில் என்ன நடந்தது, ஸ்கேனில் என்ன தெரிகிறது, அதிலிருந்து இது எப்படி வந்தது, வயது அல்லது வேறு வேலை காரணமாக இருக்க முடியாது என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். 2008-ன் நீவெஸ் தீர்ப்புப்படி, கோப்பை முழுவதும் படித்தாரா என்பதைவிடச் சொன்ன காரணம் நிற்கிறதா என்பதே முக்கியம். இரண்டு பக்கம் போதும். படைவீரரின் கருத்துக்கு உங்களால் உடன்பட முடியாவிட்டால் அதையும் அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பொய்க் கடிதம் அவருக்குத்தான் தீங்கு.

சங்கங்களால் செய்யக்கூடிய வேலையில் மிகப் பெரியது மொழிபெயர்ப்பு. குடும்பத்தார் சொல்வதும் சான்றுதான். அதற்குப் படிவம் 21-10210. படையில் சேரும் முன் மகன் எப்படித் தூங்கினான், திரும்பிய பின் இரவில் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அவர் தமிழிலேயே சொல்லட்டும். கண்ணால் பார்த்ததை மட்டும், தேதியோ பருவமோ சேர்த்துச் சொல்லட்டும். ‘என் மகன் ரொம்பக் கஷ்டப்படுகிறான்’ என்பதைவிட ‘2015 பொங்கலுக்கு வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான்’ என்பது வலுவான சான்று. இரு மொழியும் அறிந்தவர் அதை ஆங்கிலமாக்கி, மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்டு, மூலத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பணிக்காலத்தில் வீட்டுக்கு எழுதிய தமிழ்க் கடிதமும், ‘கால் வீங்கிப்போச்சும்மா’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும்கூடச் சான்றாகலாம். தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். விடுமுறைக்குச் சென்னைக்கோ கோவைக்கோ போனபோது காட்டிய மருத்துவரின் டிஸ்சார்ஜ் சம்மரி, பிசியோதெரபி ரசீது, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் கையோடு வாங்கி வாருங்கள். வி.ஏ. அங்கிருந்து வரவழைத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். சி.டி. மட்டும் பயன்படாது, அறிக்கை காகிதத்தில் வேண்டும்.

இரண்டாவது வேலை, ஆள் பிடித்துக் கொடுப்பது. படைவீரர் சேவை அமைப்புகளில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாக வழக்கை நடத்தித் தருவார்கள்; படிவம் 21-22-ல் கையெழுத்திட்டால் போதும். வழக்கறிஞர் என்றால் 21-22ஏ. முதல் மனுவுக்கு யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. மேல்முறையீட்டில் அரியர்ஸில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம் என்று வி.ஏ. கருதுகிறது. ‘ரேட்டிங் ஏற்றித் தருகிறோம், வரும் உயர்வில் ஐந்து, ஆறு மாதப் பணம் எங்களுக்கு’ என்று சொல்லும் கம்பெனிகளின் விளம்பரங்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகின்றன. அங்கீகாரம் உள்ளவரா என்று வி.ஏ.வின் தலைமை வழக்கறிஞர் அலுவலகப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்க்காமல் யாரும் எதையும் பகிர வேண்டாம். பொங்கல் விழாவிலும், ஜூலையில் நடக்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவிலும் அங்கீகாரம் பெற்ற ஒருவரை அழைத்து ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். அரை நாள் போதும்.

ரிமாண்டை விரைந்து முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் அதற்கு நாள் கணக்கு இல்லை. கடும் நோய், வீடின்மை, மிகுந்த பணநெருக்கடி இருந்தால் படிவம் 20-10207 போட்டு முன்னுரிமை கேட்கலாம். மருத்துவச் சான்றோ, வாடகை பாக்கி நோட்டீஸோ இணைக்க வேண்டும். சொல்லவே மனம் வராத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது படைவீரர் இறந்துவிட்டால் வழக்கும் அவரோடு முடிந்துவிட்டது என்று குடும்பம் நினைத்துவிடுகிறது. முடியவில்லை. மனைவியோ, கணவனோ, உரிய வயதுக்குட்பட்ட பிள்ளையோ, அவரைச் சார்ந்து வாழ்ந்த பெற்றோரோ, இறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் படிவம் 21பி-0847 போட்டு அவர் இடத்தில் நின்று வழக்கைத் தொடரலாம். துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் சங்கத்திலிருந்து போகட்டும்.

இப்படிக்கு,
படைவீரர் இழப்பீட்டு வழக்குகளில் பணியாற்றும் தமிழர்கள் சிலர்